கல்லுக்குள் ஓர் அசைவு



பெரம்பலூரில் படித்த காலத்தில் ஒருநாள் அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாக பஸ் பிடித்து கங்கைகொண்ட சோழபுரம் போனோம். புல்தரையில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்தோம், போட்டோ எடுத்தோம், திரும்பிவிட்டோம். சிற்பங்களை ஒருத்தரும் நின்று பார்க்கவில்லை. இயந்திரங்களின் ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டும் வேலைக்கு வந்த பிறகுதான் அன்று எதைக் கோட்டைவிட்டோம் என்று உறைத்தது.

கலையில் அசைவு மூன்று வகை. பொம்மலாட்டப் பாவை நிஜமாகவே அசைகிறது. சினிமாவில் நொடிக்கு 24 படங்கள் வருகின்றன. எதுவும் அசைவதில்லை, நம் மூளைதான் அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. சிற்பத்தில் இருப்பதோ ஒரே ஒரு நிலை. அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பார்க்கிறவன்தான் நிரப்பவேண்டும்.

இரண்டாவது வகையின் சரித்திரம் புதுசு. 1832-ல் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாத்தோ சுழலும் தட்டில் படங்களை ஆடவைத்தார். 1878-ல் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையை வரிசையாகப் படமெடுத்தார். 1908-ல் பிரான்சின் எமீல் கோல் கோட்டுச் சித்திரங்களை வைத்தே ஒரு சிறு படம் தந்தார்.

மூன்றாவது வகையிலோ நம்மவர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கரை கண்டவர்கள். 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில், 108 நாட்டியக் கரணங்களில் 81 வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இராசராசன் மகன் இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தக் கலை இன்னும் நுணுக்கமாகிறது.

தெற்குப் பக்கம் ஆடவல்லான்: ஒரு கால் ஊன்றி, ஒரு கால் தூக்கி, சுழற்சியின் நடுவே நிற்கிறார். வடக்கு வாசல் பக்கம் சண்டேசருக்கு அருளும் சிவன். பக்தன் தலையில் பூமாலையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். சுற்றி முடித்த கை இல்லை அது, சுற்றுகிற கை. ஒன்று வேகம், மற்றொன்று பரிவு. மேலே நிமிர்ந்தால் விமானம் உள்வாங்கி வளைந்து, நம் கண்ணையே உச்சிக்கு இழுத்துப் போகிறது.

கார்ட்டூன் படத்தில் தலைமை ஓவியர் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் போடுவார்கள். அந்தச் சிற்பிகள் முக்கிய நிலையைத் தந்துவிட்டுப் போனார்கள். உதவியாளர் வேலை நம்முடையது. நின்று பார்க்காவிட்டால் படம் ஓடாது.

தம்பிகளா, சாஃப்ட்வேர் எப்போது வேண்டுமானாலும் கத்துக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்சிலும் நோட்டும் எடுத்துக்கிட்டு அங்கே போங்க. பொட்டலத்தை அப்புறம் பிரிக்கலாம்!