அளவில்லாத் தட்டும் அளந்த பங்கும்

உணவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சமைத்தவனின் கைத்திறத்தையும் உண்டவனின் நாச்சுவையையும் எழுதி நிறுத்திக்கொள்கின்றனர். வலையை இழுத்தவன் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. இன்று கொழும்பு முதல் துபாய் வரை பெரிய ஹோட்டல்களில் நடைபெறும் ‘வேண்டுமட்டும் உண்ணும்’ கடலுணவு விருந்தின் வரலாற்றைக் காரைதீவுக் கடற்கரையில் நின்று நாம் பார்க்க முற்படுவது இக்காரணத்தினாலேயே. நுழையும்போது ஒரு கட்டணம். அதன்பின் சூஷி, இறால், நண்டு, கணவாய் என எதனையும் எத்தனை முறையும் எடுத்துக்கொள்ளலாம். இதுவே அவ்விருந்தின் விதி.

கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்துள்ளது காரைதீவு. மேற்கே வயல், கிழக்கே கடல். நெல்லும் மீனும் அருகருகே வாழும் இத்தகைய நிலத்து மக்களின் அறிவிலேதான் சூஷியும் பிறந்தது. தென்கிழக்காசியாவின் மேகொங் ஆற்றுப் புறங்களிலேயே அதன் தோற்றம் இருக்க வேண்டும் என அறிஞர் பலர் கருதுகின்றனர். உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்துப் பல மாதங்கள் வைப்பார்கள். சோறு புளித்து மீனைக் கெடாமற் காக்கும். பின்னர் சோற்றை ஒதுக்கிவிட்டு மீனை உண்பார்கள். ஜப்பானில் பிவா ஏரியைச் சூழ்ந்த ஊர்களில் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. நம்மவர் கருவாடு போட்டதும் இதே நோக்கத்தினாற்றான். மீன் மிகுந்த நாளில் மீனில்லாத நாளை எண்ணிச் செய்த ஏற்பாடு அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரில், புளிக்காடி கலந்த சோற்றின்மேல் மீன்துண்டை வைத்து அப்பொழுதே கொடுக்கும் முறை பரவியது. ஹனாயா யோஹெய் என்பவர் பெயர் அதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. தெருவோரக் கடைகளில் மக்கள் நின்றபடியே உண்டு சென்ற எளிய உணவாகவே அது இருந்தது.

அளவில்லா விருந்து வேறொரு வழியில் வந்தது. 1957 இல் தோக்கியோ இம்பீரியல் ஹோட்டலின் தலைவர் இனுமாரு தெட்சுசோ, கோப்பன்ஹேகன் நகரில், பல பண்டங்களைப் பரப்பிவைத்து வேண்டியதை எடுத்துண்ணும் வட ஐரோப்பிய முறையைக் கண்டார். மறு ஆண்டு, 1958 ஆகஸ்டில், தமது ஹோட்டலில் ‘இம்பீரியல் வைக்கிங்’ என்னும் உணவுக்கூடத்தைத் திறந்தார். அக்காலத்தில் வெளிவந்த வைக்கிங் திரைப்படமே அப்பெயரை நினைவூட்டியது. இன்றும் ஜப்பானிய மொழியில் இவ்விருந்துக்கு வைக்கிங் என்றே பெயர். வைக்கிங் என்போர் யார்? கடல் கடந்து சென்று கரையோர ஊர்களைச் சூறையாடியோர்! பெயரிட்டவர்கள் எண்ணாத பொருள் ஒன்று அப்பெயரில் ஒளிந்து கிடக்கிறது.

அதே 1958 இல் ஒசாக்கா மாநிலத்தில் ஷிராயிஷி யோஷியாக்கி என்பவர், பியர் ஆலையில் புட்டிகள் நகரும் பட்டையைக் கண்டு, சூஷித் தட்டுகள் நகர்ந்து வரும் கடையை அமைத்தார். விலை குறைந்தது, எளியோரும் உண்டனர். அதனை நாம் குறைகூறோம். ஆனால் மலிவும் அளவின்மையும் ஒன்றுசேர்ந்தபோது நிகழ்ந்தது என்ன?

முதலாளி நட்டப்படவில்லை. சோறு வயிற்றை முதலில் நிரப்பும். நேரக் கட்டுப்பாடு உண்டு. எஞ்ச விட்டால் தண்டம் வாங்கும் இடங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, மொத்தமாய் மலிவாய் வாங்கும் ஆற்றல் உண்டு. 1972 இல் கனடாவில் பிடித்த பெருஞ்சூரை விமானத்தில் தோக்கியோ சந்தையை அடைந்தது. அன்று முதல் எக்கடலும் தூரமன்று. இலங்கைக் கடலின் மஞ்சட்செட்டைச் சூரையும் பனிக்கட்டியில் பொதிந்து விமானமேறுகிறது. அத்திலாந்திக் பெருஞ்சூரையின் சர்வதேச வணிகத்தைத் தடைசெய்யும் யோசனை 2010 இல் தோகா மாநாட்டில் தோல்வியுற்றது. உலகில் மதிப்பிடப்பட்ட கடல்மீன் வளங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகின்றன என ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் கூறுகிறது.

இனிக் கரைக்கு வருவோம். கரைவலையைப் பலர் கூடி இழுக்கின்றனர். வருமானத்தில் செலவு கழியும். வலைக்கும் தோணிக்கும் உரியவர் பங்கு கழியும். எஞ்சியதே இழுத்த கைகள் அனைத்துக்கும். மடி வெறுமையானால் பங்கும் வெறுமை. 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையில் உயிர்களையும் தோணிகளையும் வலைகளையும் ஒருங்கே கொண்டுபோயிற்று. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. நம் பாடசாலைகளிற் படித்து வெளியேறும் இளைஞர் பலர் அரபு நாடுகளுக்குச் செல்கின்றனர். அவர்களுட் சிலர் இத்தகைய விருந்துகளில் தட்டேந்தி நிற்கின்றனர். கடலை விட்டுப் போனவர்களுக்கு அங்கேயும் மீன்தான் வேலை. ஆனால் அவர்கள் கூலிக்கு மட்டும் அளவுண்டு.

வயிறார உண்பது குற்றமா? அன்று. கோயில் அன்னதானப் பந்தியிலும் ‘போதும்’ என்று கை மறிக்கும்வரை படைக்கிறார்கள். நம் முஸ்லிம் சகோதரரின் சஹன் விருந்தில் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி ஐவரோ அறுவரோ அமர்ந்து உண்கின்றனர். அங்கே அளவு சொல்ல ஆளில்லை. பக்கத்தில் இருப்பவனின் கையே அளவு. அவனுக்கும் வேண்டும் என்ற நினைவு ஒவ்வொரு கவளத்தோடும் வருகிறது. கட்டண விருந்தில் அப்பக்கத்துக் கை கண்ணுக்குத் தெரிவதில்லை. அது ஆயிரம் கல்லுக்கு அப்பால் வடம் இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே நாம் கேட்பது விருந்தை மூடுவதையன்று. பிடிக்கும் அளவுக்கு எல்லை வேண்டும். இழுத்தவனுக்கு உரிய விலை கரையிலேயே கிடைக்க வேண்டும். அவ்விலையைப் பேசும் வலிமை மீனவரின் கூட்டுறவுக்கு வேண்டும். தூரத்து மேசைக்கு முன் கரையோரக் குழந்தையின் கிண்ணத்துக்கு மீன் வரவேண்டும். இவை நிறைவேறும் நாளில், சூஷி உண்பவனும் நம்மோடு ஒரே சஹனில் அமர்ந்தவனாவான்.