பால்வாடியும் தொட்டிலும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அங்கன்வாடியைப் பலரும் இன்றும் 'பால்வாடி' என்றே அழைக்கின்றனர். குழந்தைகளுக்குப் பால் வழங்கும் இடம் என்று நானும் சிறுவயதில் பொருள்கொண்டிருந்தேன். மராத்தியிலும் குஜராத்தியிலும் 'பால்' என்றால் குழந்தை. 'வாடி' என்றால் தோட்டம். குழந்தைகளின் தோட்டம் என்பதே அச்சொல்லின் பொருள்.

1920-இல் கிஜுபாய் பதேகா பாவ்நகரில் மாண்டிசோரி முறையைத் தழுவிய பால மந்திரைத் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய தாராபாய் மோடக், விலையுயர்ந்த கருவிகளை நம்பிய அம்முறை நகரத்து வசதி படைத்தோருக்கே எட்டும் என்பதை உணர்ந்தார். 1945-இல் மகாராட்டிரக் கடலோர ஊரான போர்டியில் கிராமக் குழந்தைகளுக்கான கல்வி மையத்தை நிறுவினார். இளவயதிலேயே கணவரை இழந்து ஆசிரியரான அனுதாய் வாக் அவருக்குத் துணைநின்றார்.

மையம் திறந்தும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் வரவில்லை. பெற்றோர் விடியலிலேயே கூலி வேலைக்குச் சென்றுவிடுவர். சிறுமியர் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வர். சிறுவர் மாடு மேய்ப்பர். எனவே பள்ளியே அவர்களது குடியிருப்பின் முற்றத்துக்குச் சென்றது. முற்றத்தை மராத்தியில் 'அங்கண்' என்பர். திருக்குறளில் வரும் 'அங்கணம்' அதன் உறவுச்சொல். கூழாங்கற்களும் கிளிஞ்சல்களும் விதைகளும் இலைகளும் அங்கே செலவில்லாத கல்விக் கருவிகள் ஆயின.

1957-இல் இம்முயற்சி வார்லி பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் குன்றுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே கைக்குழந்தைகளுக்கான காப்பகம், பால்வாடி, தொடக்கப்பள்ளி மூன்றும் ஒரே வளாகத்தில் அமைந்தன. இடுப்பில் தங்கையோடு வரும் சிறுமி, அவளைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் பக்கத்து வகுப்பில் அமரலாம். மாடு மேய்க்கும் சிறுவர்க்கு மேய்ச்சல் நிலத்திலேயே பாடம் நடந்தது. ஒரு குழந்தையின் கல்வி, இன்னொரு குழந்தையின் பராமரிப்பைச் சார்ந்தது என்பதே கோஸ்பாட் கண்ட உண்மை.

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் தொடங்கியபோது, 'அங்கன்வாடி' என்ற பெயரில் முற்றம் நாடெங்கும் பரவியது. இன்று ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள் உள்ளன. ஊட்டச்சத்து, தடுப்பூசி, முன்பருவக் கல்வி ஆகியவற்றைக் கட்டணமின்றிச் சிற்றூர் வரை கொண்டுசென்ற பெரும்பணி அது. ஆனால் தொட்டில் உடன் வரவில்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சத்துமாவு கிடைக்கிறது. பகல் முழுதும் பார்த்துக்கொள்ளும் கைகள் கிடைப்பதில்லை. மையம் சில மணி நேரத்தில் மூடிவிடும்; வயலில் தாயின் வேலையோ அந்தி வரை நீளும். இடைவெளியை நிரப்புபவர் பாட்டி. பாட்டி இல்லாத வீட்டில், பள்ளிக்குப் போகவேண்டிய அக்கா.

தேசியக் காப்பகத் திட்டத்தை மாற்றியமைத்து, 2022-இல் ஒன்றிய அரசு அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கும் 'பால்னா' திட்டத்தைக் கொண்டுவந்தது. பால்னா என்றால் இந்தியில் தொட்டில். சொல் வந்துவிட்டது. 14 லட்சம் முற்றங்களிலும் அந்தத் தொட்டில் எப்போது ஆடும் என்பதே இனி நாம் கேட்கவேண்டிய கேள்வி.