லினக்ஸ் கெர்னல் பேட்ச்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூல நிரலில் ஒருவர் செய்த திருத்தத்தை, அதற்கான காரணத்தோடும் கையொப்பத்தோடும் அந்தப் பகுதியின் பராமரிப்பாளருக்கு அனுப்பும் உரைவடிவம் பேட்ச் எனப்படும். நீக்கிய வரிகள் கழித்தல் குறியோடும் சேர்த்த வரிகள் கூட்டல் குறியோடும் தொடங்கும். முன்னும் பின்னும் வரும் மாறாத மூன்று வரிகள், திருத்தம் எங்கே பொருந்தவேண்டும் என்று காட்டும். இப்படிப்பட்ட கோப்பைப் படித்து நிரலைத் திருத்தும் கருவியை லாரி வால் 1985இல் எழுதினார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளை 2005இல் உருவாக்கிய பிறகும் பேட்ச் வழக்கம் நிலைத்திருக்கிறது.

பேட்ச் மின்னஞ்சலில் இணைப்பாக அல்ல, மடலுக்குள்ளேயே வெற்று உரையாகச் செல்கிறது. படிப்பவர் எந்த வரியில் ஐயம் எழுகிறதோ அதன் கீழேயே கேள்வி எழுதலாம். கெர்னல் நிரலில் உள்தள்ளல் ஒவ்வொன்றும் 8 இட அகலமுள்ள ஒரு டேப். சில மின்னஞ்சல் செயலிகள் டேப்பை வெற்றிடங்களாக மாற்றிவிடும். நீண்ட வரியை மடித்துவிடும். கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும், பேட்ச் மட்டும் பொருந்தாது. அதனால்தான் கிட்டின் சென்ட்-இமெயில் கட்டளையைப் பயன்படுத்துகிறார்கள். முதலில் தனக்கே அனுப்பி, வந்த மடலை நிரலில் பொருத்திப் பார்த்துவிடுவது நல்லது.

பேட்ச்சின் உயிர் அதன் விளக்கத்தில் இருக்கிறது. தலைப்பில் கெர்னலின் எந்தத் துணை அமைப்பு என்ற பெயரும், ஏவல் வினையில் ஒரு சுருக்கமும் வரும். சுருக்கம் 75 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. என்ன மாறியது என்பதை நிரலே சொல்லிவிடும். ஏன் மாறியது, கோளாறு பயனருக்கு எப்படித் தெரிந்தது என்பதை விளக்கம்தான் சொல்ல முடியும். பல ஆண்டுகள் கழித்து அதே வரியைத் தொடப்போகும், முன்பின் தெரியாத ஒருவருக்காக எழுதப்படுவது அது. பழைய மாற்றம் ஒன்றால் வந்த பிழையென்றால், அந்த மாற்றத்தின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்துகளை ‘ஃபிக்சஸ்’ என்ற வரியில் தரவேண்டும்.

ஒரு பேட்ச்சில் ஒரு மாற்றமே இருக்கலாம். தொடராக அனுப்பினாலும், ஒவ்வொன்றையும் பொருத்திய பின் கெர்னல் பிழையின்றித் தொகுக்கப்படவேண்டும். கிட்டின் பைசெக்ட் வசதி, ஆயிரம் மாற்றங்களுக்குள் பழுதானதைச் சுமார் 10 சோதனைகளில் பிடித்துவிடும். நடுவில் தொகுக்க முடியாத ஒன்று இருந்தால் அந்தத் தேடல் தடுமாறும்.

‘சைன்டு-ஆஃப்-பை’ என்ற கையொப்ப வரி 2004இல் வந்தது. லினக்ஸ் நிரலின் உரிமை குறித்து எஸ்சிஓ நிறுவனம் 2003இல் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்ததே அதற்குப் பின்னணி. இந்த நிரலைக் கட்டற்ற உரிமத்தில் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. பெயரை மறைத்து அனுப்புவதை ஏற்பதில்லை.

அனுப்புமுன் செக்பேட்ச் என்ற கருவி நிரலின் நடைப்பிழைகளைச் சுட்டும். கெட்-மெய்ன்டெய்னர் என்ற கருவி யாருக்கு அனுப்பவேண்டும் என்று சொல்லும். திருத்தி மீண்டும் அனுப்பும்போது தலைப்பில் ‘வி2’ என்று குறித்து, என்ன மாற்றினோம் என்பதை, விளக்கத்தின் முடிவைக் காட்டும் மூன்று சிறுகோடுகளுக்கு (---) கீழே எழுதவேண்டும். அந்தப் பகுதி கெர்னல் வரலாற்றில் பதிவாகாது.

பதில் வராவிட்டால் குறைந்தது ஒரு வாரம் பொறுத்த பிறகே நினைவூட்டவேண்டும். புதிய வசதிகளை டோர்வால்ட்ஸ் சேர்த்துக்கொள்வது ஒவ்வொரு பதிப்பின் தொடக்கத்திலும் வரும் இரண்டு வாரங்களில்தான். அந்த நாள்களில் பராமரிப்பாளர்களிடமிருந்து பதில் தாமதமாகவே வரும்.