வலியின் கதை – 8: கண்ணாடியில் முளைத்த கை

போன வாரம் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனை டெனரீஃப் தீவில் விட்டுவிட்டு வந்தோம். வலது கை போய்விட்டது. ஆனால் அந்தக் கையின் விரல்கள் உள்ளங்கையைக் குத்துகின்றன என்கிறார் மனிதர். வெட்டிய கையே இருக்கும்போது, உடம்பு போன பிறகு ஆன்மா இருக்காதா என்று வாதாடினாராம்!

நெல்சனுக்காகக் கடல் கடந்து போகவே வேண்டாம். காரைக்காலில் சர்க்கரைக்குக் கால் எடுத்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். எடுத்த காலில் சுண்டுவிரல் அரிக்கிறது என்பார். வீட்டில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பாவம், மனசு உடைஞ்சு போச்சு என்பார்கள்.

மனசு உடையவில்லை. மூளை மறக்கவில்லை.

கால் எடுப்பதற்கு முன் புண் எந்த இடத்தில் இருந்ததோ, எடுத்த பிறகும் அதே இடத்தில் வலி தொடர்வது உண்டு. ஜோயல் காட்ஸும் ரொனால்ட் மெல்சாக்கும் 1990-லேயே இதை எழுதிவிட்டார்கள். வலிக்கு ஞாபகசக்தி உண்டு. சரி, அந்த ஞாபகத்தை அழிப்பது எப்படி? அதற்குத்தான் அப்போது யாரிடமும் பதில் இல்லை.

இங்கேதான் நம்மூர்க்காரர் ஒருவர் உள்ளே வருகிறார்.

விளையனூர் ராமச்சந்திரன். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, அமெரிக்காவில் சான் டியேகோவில் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்தார். எதையும் எளிய சாமானை வைத்துச் சோதித்துப் பார்ப்பதில் தீராத ஆசை.

அவரைத் தேடி ஓர் இளைஞர் வந்தார். பெயர் நமக்கு வேண்டாம். மோட்டார் சைக்கிளில் போகும்போது தூக்கி எறியப்பட்டவர். கைக்குப் போகும் நரம்புகள் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்துவிட்டன. உயிரற்ற கையை ஒரு வருடம் தூளியில் தொங்கவிட்டிருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்கள்.

தொல்லை விட்டதா? விடவில்லை. இல்லாத கை அதே கோணத்தில் மடங்கி, விறைத்து நின்றது. முழங்கையிலும் மணிக்கட்டிலும் விரல்களிலும் தாங்க முடியாத வலி. இம்மி அசைக்க முடியவில்லை. இப்படியே பத்து வருடம்.

ராமச்சந்திரன் யோசித்தார். அந்த ஒரு வருடம் முழுக்க மூளை 'அசை' என்று உத்தரவு போட்டிருக்கும். கண்ணோ 'அசையவில்லை' என்றே திருப்பிச் சொல்லியிருக்கும். மறுபடி உத்தரவு. மறுபடி அதே பதில். கடைசியில் மூளை பாடத்தை நெட்டுருப் போட்டுக்கொண்டது: இந்தக் கை அசையாது. கையை வெட்டியாயிற்று. பாடம் மட்டும் அழியவில்லை.

கெடுத்தது கண் என்றால், திருத்துவதும் கண்ணாக இருக்கக் கூடாதா? அசைகிற கை ஒன்றை அந்த இடத்தில் காட்டினால் போதும்.

கம்ப்யூட்டரால் உண்டாக்கும் மெய்நிகர் உலகத்தில் அது முடியும். விலை விசாரித்தார்.

ஐந்து லட்சம் டாலருக்கு மேல்! ஒரே ஒரு கருவிக்கு ஆராய்ச்சிக்கூடத்தின் பணம் முழுவதையும் கொட்ட வேண்டும். பணம் இருந்திருந்தால் இந்த அத்தியாயமே இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றும்.

மலிவுக் கடையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கினார். மேல்மூடி இல்லாத அட்டைப்பெட்டிக்கு நடுவே அதைச் செங்குத்தாக நிறுத்தினார். முன்பக்கம் இரண்டு ஓட்டை. அவ்வளவுதான். அதற்கு அவர் வைத்த பெயர் 'மெய்நிகர் உலகப் பெட்டி'. குறும்பைப் பாருங்கள்.

இளைஞர் வந்து உட்கார்ந்தார்.

நல்ல கை ஓர் ஓட்டைக்குள் போனது. இல்லாத கையை மற்ற ஓட்டைக்குள் விட்டதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். கண்ணாடியில் நல்ல கையின் பிம்பம், போன கை இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாகத் தெரிந்தது. இரண்டு கைகளையும் சேர்த்து அசையுங்கள் என்றார். அது அசையாதே என்றார் இளைஞர். பரவாயில்லை, முயன்று பாருங்கள்.

முதலில் கண்ணை மூடியபடி. ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது கண்ணைத் திறந்து.

அசைந்தது!

கூவிவிட்டார் இளைஞர். குழந்தை மாதிரி குதித்தார். பத்து வருடமாகக் கல்லாய்க் கிடந்த முழங்கை அசைகிறது; மணிக்கட்டு அசைகிறது. எங்கேயோ புதைந்திருந்த பழைய நினைவுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து மோதின. டாக்டர் மறுபடி கண்ணை மூடச் சொன்னார். கை பழையபடி உறைந்தது. திறந்தார். உயிர் வந்தது.

பெட்டியை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார் ராமச்சந்திரன். தினமும் சிறிது நேரம் பழகச் சொன்னார்.

சில வாரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. இளைஞர்தான். படபடப்பு. கையைக் காணோம் என்றார். எந்தக் கை? அந்த இல்லாத கை! பத்து வருடம் கூடவே இருந்தது போய்விட்டது. முழங்கை இல்லை, ஆகவே முழங்கை வலியும் இல்லை.

இல்லாத உறுப்பை வெட்டி எடுத்த முதல் அறுவை சிகிச்சை இது என்று பின்னால் வேடிக்கையாகச் சொல்வார் ராமச்சந்திரன்.

ஆனால் முழு வெற்றியல்ல. விரல்களும் உள்ளங்கையும் போகவில்லை. தோளோடு ஒட்டித் தொங்குவதாகத் தோன்றின. அங்கே வலி மிச்சமிருந்தது. பெட்டியை மாற்றிச் செய்து தர முடியுமா என்று கேட்டார். கண்ணாடிக்கு எட்டாத இடம் அது.

இந்த முடிவுகள் ராயல் சொசைட்டியின் இதழில் அச்சேறியது 1996-ல். அதே சமயம், வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகரில் ஒரு தீக்காய வார்டு. ராமச்சந்திரன் வாங்க முடியாமல் விட்ட அந்த விலையுயர்ந்த கருவியோடு உள்ளே நுழைகிறார் ஹண்டர் ஹாஃப்மன். அவர் வலி டாக்டர் இல்லை. சிலந்தியைக் கண்டு நடுங்குபவர்களின் பயத்தைப் போக்க ஒரு பொய்ச் சமையலறையைக் கம்ப்யூட்டரில் கட்டி வைத்திருந்தவர்.

கட்டிலில் பதின்வயதுப் பையன். பெட்ரோல் தீயில் கால் வெந்திருக்கிறது. ஒட்டிய தோலைப் பிடித்திருக்கும் உலோகக் கவ்விகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். கவனம் வேறெங்காவது போனால் வலி குறையுமா? அதுதான் கேள்வி.

அந்தக் கருவியின் ஹெல்மெட் பையனின் தலையில் ஏறியது. பொய்ச் சமையலறை கண்முன்னே விரிந்தது. சிலந்தி எங்கே என்று தேடத் தொடங்கினான். இங்கே, நிஜமான காலில், முதல் கவ்வியை நோக்கி இடுக்கி இறங்கியது.

பையன்...

(தொடரும்)