பேராயர் ரொமேரோவுக்குப் பின் சான் சால்வடோர் மறைமாவட்டம்

எல் சால்வடோர் நாட்டின் தலைநகர் சான் சால்வடோரின் பேராயர் ஆஸ்கார் ரொமேரோ, 1980 மார்ச் 24 அன்று மாலை திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய வாழ்க்கையையும் மறையுரைகளையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவரை இழந்த மக்கள் அதன்பின் என்ன செய்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். அவர்கள் தம் பேராயருக்கு மட்டும் துக்கம் காக்கவில்லை. பெயர் தெரியாமல் கொல்லப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்குப் பெயர் தேடினார்கள். வீடிழந்தவர்களைக் கோயிலுக்குள் வைத்துக் காத்தார்கள்.

எல் சால்வடோர் சுமார் 21,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு, அதாவது தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு. காப்பி விளையும் நல்ல நிலமெல்லாம் சில குடும்பங்களின் கையில் இருந்தது. 1970களில் கிராமப்புறப் பங்குகளில் உழவர்கள் சிறு குழுக்களாகக் கூடி, விவிலியம் வாசித்துத் தம் நிலைமையைப் பேசத் தொடங்கினர். கூலி உயர்வு கேட்டவர்களும் விவிலியக் குழு நடத்தியவர்களும் ஒன்றுபோலப் பொதுவுடைமையர் என்று முத்திரை குத்தப்பட்டனர். குருக்களைக் கொல்வது நாட்டுப்பற்று என்று அச்சிட்ட துண்டறிக்கைகள் தெருக்களில் கிடந்தன.

முதல் துக்கம்

ரொமேரோ 1977 பிப்ரவரி 22 அன்று பேராயராகப் பொறுப்பேற்றார். அமைதியானவர், புத்தகப் பிரியர், வம்புக்குப் போகாதவர் என்பதால்தான் பணக்காரர்களுக்கு அந்த நியமனம் பிடித்திருந்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 12 அன்று அவருடைய நண்பரும் அகிலாரஸ் பங்கின் யேசு சபைக் குருவுமான ருத்திலியோ கிராந்தே, திருப்பலிக்குச் செல்லும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் வண்டியில் இருந்த ஒரு முதியவரும் ஒரு சிறுவனும் இறந்தனர்.

ரொமேரோ அன்றிரவே அகிலாரசுக்குச் சென்றார். பிறகு தம் குருக்களைக் கூட்டி ஒரு முடிவெடுத்தார். அடுத்த ஞாயிறு, மார்ச் 20 அன்று, மறைமாவட்டம் முழுவதும் ஒரே ஒரு திருப்பலிதான், அதுவும் பேராலயத்தில் மட்டும். மற்ற எல்லாக் கோயில்களிலும் ஞாயிறு வழிபாடு கிடையாது. ஞாயிறு திருப்பலி கத்தோலிக்கர்களுக்குக் கடமை. அதை ஒரு மறைமாவட்டமே ஓரிடத்தில் குவித்தது எவ்வளவு பெரிய செயல் என்பதைப் பங்கு வாழ்க்கை அறிந்தவர்கள் உணர்வர். வத்திக்கான் தூதர் இதை எதிர்த்தார். ஆனால் மக்கள் திரண்டு வந்தனர். கொலை விசாரிக்கப்படும்வரை அரசு விழாக்களில் கலந்துகொள்வதில்லை என்றும் பேராயர் அறிவித்தார். அவ்வாண்டு ஜூலையில் நடந்த குடியரசுத் தலைவர் பதவியேற்புக்கு அவர் போகவில்லை. (புதிய குடியரசுத் தலைவரின் பெயரும் ரொமேரோதான். இருவரும் உறவினர் அல்லர்.)

மகனைத் தேடும் தாய்மார்கள் பேராயர் இல்லத்துக்கு வரத் தொடங்கினர். காவல் நிலையத்தில் விரட்டப்பட்டவர்களுக்கு அங்கே உட்கார நாற்காலியும் கேட்க ஆளும் இருந்தது. 1975-இல் யேசு சபையினர் ஏழைகளுக்காகத் தொடங்கியிருந்த சொக்கோரோ ஹுரிதிக்கோ என்ற சட்ட உதவி அலுவலகத்தை ரொமேரோ மறைமாவட்டத்தின் பணியாக ஏற்றுக்கொண்டார். இளம் வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் தாய்மார்கள் சொன்னதை எழுதிக்கொண்டனர். 1977 இறுதியில் அந்தத் தாய்மார்கள் கோமாத்ரேஸ் என்ற குழுவாக இணைந்தபோது, அதற்கும் அவரே துணை நின்றார். கறுப்பு உடையும் வெள்ளை முக்காடும் அவர்களுக்கு அடையாளமாயின.

இந்தப் பதிவுகள் ஞாயிறு மறையுரையில் வெளிப்பட்டன. இறைவாசக விளக்கம் முடிந்ததும், அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், பிடிக்கப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் ஆகியோரை ஊரும் நாளும் குறிப்பிட்டு ரொமேரோ வாசிப்பார். மறைமாவட்ட வானொலி நிலையமான ஒய்எஸ்ஏஎக்ஸ் அதை நாடெங்கும் கொண்டுசென்றது. நம் பங்குகளில் திருப்பலி தொடங்குமுன் இறந்தவர் பெயரைச் சொல்லி, இன்னாருக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்று கருத்து வாசிப்பதுண்டு. ஏறத்தாழ அதே வழக்கம்தான். ஆனால் நாளிதழ்கள் அச்சிடாத பெயர்களை அங்கே பீடத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் அந்த வானொலியின் ஒலிபரப்பிக்கு மீண்டும் மீண்டும் குண்டு வைத்தார்கள்.

1980 மார்ச் 23 அன்று வாசித்த மறையுரையின் முடிவில் அவர் படைவீரர்களை நோக்கிப் பேசினார். நீங்கள் கொல்லும் உழவர்கள் உங்கள் சொந்த உடன்பிறப்புகள், கடவுளின் கட்டளைக்கு எதிரான ஆணைக்கு எவரும் கீழ்ப்படியத் தேவையில்லை என்ற பொருளில் சொல்லி, அடக்குமுறையை நிறுத்தும்படி ஆணையிட்டார். மறுநாள், தாம் தங்கியிருந்த புற்றுநோயாளர் இல்லமான இறைப் பராமரிப்பு மருத்துவமனையின் சிற்றாலயத்தில், நண்பர் ஒருவரின் தாயாருக்கான ஆண்டு நினைவுத் திருப்பலியை நிறைவேற்றினார். அந்தத் திருப்பலி பற்றிய அறிவிப்பு நாளிதழில் வந்திருந்தது. மறையுரை முடியும் வேளையில் வாசலிலிருந்து ஒரே ஒரு குண்டு பாய்ந்தது.

குருத்து ஞாயிறு

அடக்கத் திருப்பலி மார்ச் 30, குருத்து ஞாயிறு அன்று நடந்தது. பேராலயம் அப்போது கட்டி முடிக்கப்படாமல் இருந்தது. ஏழைகள் பசித்திருக்கும்போது கோயில் கட்டச் செலவிடுவதில்லை என்று ரொமேரோதான் வேலையை நிறுத்தி வைத்திருந்தார். கூட்டம் கோயிலுக்குள் அடங்காது என்பதால் வெளிப்படிக்கட்டில் பீடம் அமைக்கப்பட்டது. முன்னிருந்த திடலில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையில் குருத்தோலையுடன் நின்றதாக மதிப்பிடப்படுகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் சார்பாளராக மெக்சிகோவின் கர்தினால் எர்னெஸ்தோ கொரிப்பியோ வந்திருந்தார். வெளிநாட்டு ஆயர்கள் பலர் வந்தனர். எல் சால்வடோரின் ஆயர்களுள் ஆர்த்துரோ ரிவேரா இ தாமாஸ் ஒருவரே வந்தார். மற்றவர்கள் உயிரோடிருந்த ரொமேரோவுடன் ஒத்துப்போகவில்லை, அவருடைய அடக்கத்துக்கும் வரவில்லை. திருச்சபை முழுவதும் அவருக்குப் பின்னால் நின்றது என்று சில நூல்கள் எழுதுவது சரியல்ல.

கர்தினாலின் மறையுரை பாதியில் இருக்கும்போது திடலின் ஓரத்தில் குண்டு வெடித்தது. தொடர்ந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மக்கள் ஒரே வாசல் நோக்கி ஓடிப் பேராலயத்துக்குள் நெருக்கியடித்தனர். அன்று நாற்பது பேர் வரை இறந்தனர். குண்டடி பட்டவர்களைவிட நெரிசலில் மூச்சடைத்து மாண்டவர்கள் அதிகம், அவர்களிலும் பெண்களும் முதியவர்களும் மிகுதி. திடலில் ஆயிரக்கணக்கான காலணிகள் சிதறிக் கிடந்தன. திருப்பலி அப்படியே நின்றுபோனது. உள்ளே குருக்கள் அவசர அவசரமாகச் செபங்களைச் சொல்லிப் பேராயரை அடக்கம் செய்தனர். பேராயருக்காக அழ வந்தவர்கள் தம் பக்கத்தில் நின்றவரின் சடலத்தைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

நிலவறையில் வாழ்ந்தவர்கள்

ரொமேரோவுக்குப் பின் மறைமாவட்டப் பொறுப்பு ரிவேராவிடம் வந்தது. முதலில் திருத்தூதரக நிர்வாகியாகவும் 1983 முதல் பேராயராகவும் பணியாற்றினார். அவரிடம் ரொமேரோவின் முழக்கம் இல்லை. ஆனால் பொறுமையும் எச்சரிக்கையும் உண்டு. போர் தீவிரமான அந்தப் பத்தாண்டுகளுக்கு அதுவும் தேவைப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

கிராமங்களில் படை நடவடிக்கை தொடங்கியதும் மக்கள் தலைநகருக்கு ஓடிவந்தனர். அவர்களுக்குப் போக இடமில்லை. மறைமாவட்டம் தன் குருமடத்தைத் திறந்துவிட்டது. குருமாணவர்கள் படிக்கும் வளாகத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கின. சான் ரோக் கோயிலின் நிலவறையிலும் நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். வெளியே தலைகாட்டினால் பிடித்துச் செல்லப்படும் அச்சத்தால், வெயிலே படாமல் அங்கே குழந்தைகள் வளர்ந்தனர். சமைப்பது, துவைப்பது, எழுத்துக் கற்றுக்கொடுப்பது எல்லாம் மேலே ஞாயிறு வழிபாடு நடக்கும் அதே கட்டடத்தின் அடியில் நடந்தன.

இத்தகைய பணிக்கு விலை உண்டு. இடம்பெயர்ந்தோருக்கு உணவு கொடுப்பதும் அவர்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு வண்டியில் ஏற்றிச் செல்வதும் அருட்சகோதரியர் சிலரின் வேலையாக இருந்தது. அப்படிப் பணியாற்றிய அமெரிக்க அருட்சகோதரியர் மூவரும் பொதுநிலைப் பெண் ஒருவரும் 1980 டிசம்பர் 2 அன்று தேசியக் காவல் படையினரால் கொல்லப்பட்டனர்.

நகரைச் சுற்றியுள்ள எரிமலைக் குழம்புத் தரைகளிலும் பள்ளங்களிலும் காலைதோறும் சடலங்கள் கிடந்தன. மனித உரிமைப் பணியாளர்கள் அவற்றைப் படமெடுத்தனர். அந்தப் படங்களைத் தொகுத்த ஆல்பங்கள் மறைமாவட்ட அலுவலகத்தில் இருந்தன. திருமண வீடுகளில் நாம் புரட்டுவது போன்ற அதே வகை ஆல்பங்கள். காணாமல் போன மகனைத் தேடி வந்த தாய் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். முகம் சிதைந்திருந்தால் சட்டையையோ பல் வரிசையையோ வைத்து அடையாளம் காண வேண்டும். அடையாளம் தெரிந்தால் அழுகை. தெரியாவிட்டால் அடுத்த வாரம் மீண்டும் வர வேண்டும்.

இரு பக்கமும் எண்ணுதல்

1982-இல் ரிவேரா சட்ட உதவிப் பணியை மாற்றியமைத்து, துத்தேலா லெகால் என்ற சட்டப் பாதுகாப்பு அலுவலகத்தை நிறுவினார். பழைய அலுவலகம் அரசுத் தரப்பின் கொலைகளை மட்டுமே பதிவு செய்கிறது என்ற குறை இருந்தது. புதிய அலுவலகம் கொரில்லாப் படையினர் செய்த கொலைகளையும் எழுதிவைத்தது. இதைச் சமரசம் என்று விமர்சித்தவர்கள் உண்டு. ஆயினும் அதனால்தான் அதன் கணக்குகளைப் பிற்காலத்தில் எவராலும் எளிதில் தள்ள முடியவில்லை. பெரும்பகுதி கொலைகள் படையினராலும் அவர்களைச் சார்ந்த கொலைக்குழுக்களாலும் நடந்தன என்பதை அந்த நடுநிலைக் கணக்கே காட்டிற்று.

இந்த அலுவலகத்தைப் பல்லாண்டு நடத்தியவர் மரியா ஜூலியா எர்னாண்டஸ் என்ற சட்ட ஆசிரியை. ரொமேரோவுடன் பழகியவர். சம்பவம் நடந்த ஊருக்கே ஆள் அனுப்பி, பார்த்தவரிடம் கேட்டு, பெயர், வயது, உறவு எல்லாம் எழுதுவது அவருடைய முறை. 1981 டிசம்பரில் எல் மொசோத்தே சிற்றூரிலும் சுற்றுப்புறங்களிலும் படைப்பிரிவு ஒன்று நூற்றுக்கணக்கான மக்களைக் கொன்றது. சொந்தப் பிள்ளைகளைப் பறிகொடுத்துத் தப்பிய ருஃபினா அமாயா நடந்ததைச் சொன்னார். அரசும் அதன் வெளிநாட்டு நண்பர்களும் அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்றனர். துத்தேலா லெகால் உயிர்பிழைத்தவர்களைத் தேடிப் பெயர்ப் பட்டியலைத் தொகுத்தது. 1990-இல் வழக்குத் தொடுக்கவும் உதவியது. 1992-இல் அர்ஜென்டினாவின் தடய மானிடவியலாளர்கள் கோயிலை ஒட்டிய சிறு கட்டடத்தைத் தோண்டினர். அடையாளம் காணப்பட்ட 143 எலும்புக்கூடுகளில் 131 பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுடையவை. ருஃபினா பத்தாண்டுக்கும் மேலாகச் சொல்லிவந்தது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தது.

1992 ஜனவரியில் அமைதி உடன்பாடு கையெழுத்தாகி, சுமார் 75,000 பேரைப் பலிகொண்ட போர் முடிந்தது. 1993 மார்ச்சில் வெளிவந்த ஐக்கிய நாடுகளின் உண்மை ஆணைய அறிக்கை, ரொமேரோவைக் கொல்ல ஆணையிட்டவர் முன்னாள் படை அதிகாரி ரொபெர்த்தோ தௌபுய்சோன் என்று கூறியது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்திருந்தார். அறிக்கை வந்த ஐந்தாம் நாள் நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேற்றியது. எழுதிவைத்த கோப்புகள் இருந்தன. அவற்றைக் கேட்க நீதிமன்றம் இல்லை.

பூட்டப்பட்ட அலுவலகம்

ரிவேரா 1994-இல் காலமானார். பின்னர் வந்த பேராயர்களின் காலத்தில் பேராலயம் கட்டி முடிக்கப்பட்டது. ரொமேரோவின் கல்லறை கீழறையில் அமைந்தது. மேலே முறையான ஞாயிறு திருப்பலி நடக்க, கீழறையில் எளிய மக்கள் தனியே கூடி அவருடைய கல்லறையருகே வழிபட்டனர். ஒரே கோயிலில் இரண்டு சபைகள் போலிருந்த இந்த நிலை, ரொமேரோவின் நினைவு அந்தத் திருச்சபைக்கே எவ்வளவு சங்கடமானதாக இருந்தது என்பதைக் காட்டுகிறது.

ருஃபினா அமாயாவும் மரியா ஜூலியா எர்னாண்டசும் 2007 மார்ச் மாதத்தில் சில வார இடைவெளியில் இறந்தனர். 2013 செப்டம்பர் 30 அன்று வேலைக்கு வந்த துத்தேலா லெகால் ஊழியர்கள் பூட்டு மாற்றப்பட்டிருப்பதைக் கண்டனர். மறைமாவட்டம் அலுவலகத்தை மூடிவிட்டது. பொதுமன்னிப்புச் சட்டத்துக்கு எதிரான மனுவை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்ற சில நாட்களிலேயே இது நடந்ததால், கோப்புகள் என்னாகுமோ என்று குடும்பங்கள் கலங்கின. அவை வெறும் காகிதங்கள் அல்ல. பலருக்குத் தம் பிள்ளை வாழ்ந்ததற்கும் இறந்ததற்கும் இருந்த ஒரே எழுத்துச் சான்று அதுதான். வேலையிழந்தவர்கள் மரியா ஜூலியாவின் பெயரில் தனி அமைப்பைத் தொடங்கினர்.

ஐக்கிய நாடுகள் அவை மார்ச் 24-ஐ, உரிமை மீறல்களைப் பற்றிய உண்மையை அறியும் உரிமைக்கான உலக நாளாக 2010-இல் அறிவித்தது. ரொமேரோவுக்கு 2015 மே 23 அன்று சான் சால்வடோரில் அருளாளர் பட்டமும், 2018 அக்டோபர் 14 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. புனிதர் பட்டத் திருப்பலியில் திருத்தந்தை பிரான்சிஸ், ரொமேரோ சுடப்பட்டபோது அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த இடைக்கச்சையை அணிந்திருந்தார்.

இதற்கிடையில், 2016 ஜூலையில் எல் சால்வடோரின் உச்ச நீதிமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டே எல் மொசோத்தே வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக நீதிமன்றம் ஏறியவர்களில், பூட்டிய கதவின் முன் நின்ற அந்தப் பழைய அலுவலகத்தின் வழக்கறிஞர்களும் இருந்தனர்.