போருக்கு முந்திய வடிவம்: அப்பொலினேரின் கலிகிராம்களும் பால் ஃபஸலின் காலவரிசையும்

முதல் உலகப் போர் நவீனத்துவக் கவிதையை எவ்வாறு உருவாக்கியது என்ற கேள்விக்கு ஆங்கிலம்வழிப் பயில்வோர் பெறும் விடை, பெரும்பாலும் பால் ஃபஸல் 1975இல் வெளியிட்ட ‘மாபெரும் போரும் நவீன நினைவும்’ என்னும் நூலின் வழியாகவே வந்துசேர்கிறது. நவீன மனம் உலகைப் புரிந்துகொள்ளும் முதன்மையான முறை முரண்நகை என்பதும், எதிர்பார்த்ததற்கும் நேர்ந்ததற்கும் இடையிலுள்ள கொடிய இடைவெளியை உணர்ந்து பேசும் அம்முறை பெருமளவுக்கு 1914–18 போரின் அனுபவத்திலிருந்தே பிறந்தது என்பதும் அந்நூலின் மையக் கருத்து. ஃபஸல் இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் காயமுற்ற காலாட்படை அதிகாரி. தம் அருகிலேயே கொல்லப்பட்ட சார்ஜண்டுக்கு அந்நூலைக் காணிக்கையாக்கியவர். நூலின் அறவலிமை அங்கிருந்து வருவது. அதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. மறுக்க வேண்டியது அவர் வகுக்கும் காலவரிசையை.

அக்காலவரிசையின் விரிசல் அவருடைய முதல் இயலிலேயே தெரிகிறது. போர்க்கால முரண்நகைக்கு முன்னறிவிப்பாக அவர் அங்கே நிறுத்துவது, தாமஸ் ஹார்டி 1914 நவம்பரில் வெளியிட்ட ‘சூழ்நிலையின் அங்கதங்கள்’ என்ற தொகுப்பை. அத்தொகுப்பின் பெயருக்குக் காரணமான அங்கதக் கவிதைகளோ 1911 ஏப்ரலிலேயே ‘ஃபோர்ட்நைட்லி ரெவ்யூ’ இதழில் அச்சேறியவை. ஃபஸல் இக்கால இடைவெளியை அறியாதவர் அல்லர். ஹார்டியைத் தீர்க்கதரிசி போலக் காட்டி அச்சிக்கலைக் கடந்துவிடுகிறார். போர் மூள்வதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே முழுமையாக வளர்ந்து நின்ற ஒரு நோக்குக்குப் போர் பெருந்திரளான அனுபவத்தையும் வாசகரையும் தந்தது என்று சொல்லலாம். அதைப் பெற்றெடுத்தது என்று சொல்வதற்கு இடமில்லை. டேவிட் ஜோன்ஸ் 1937இல் வெளியிட்ட ‘அடைப்புக்குறிக்குள்’ என்ற போர்க் காவியத்தை, அது அகழிப் போரைப் பழைய வீரமரபோடு இணைத்துவிடுகிறது என்பதற்காக ஃபஸல் குறைத்து மதிப்பிடுவதும் இதே காலவரிசையின் விளைவு. போர் ஒரு முறிவு என்று முன்னரே முடிவுசெய்துவிட்ட ஒருவருக்கு, முறிவைக் காட்டாத கவிதை தோல்வியாகவே தோன்றும்.

ஃபஸல் பிரித்தானியரைப் பற்றியே எழுதினார், எனவே பிரெஞ்சுக் கவிஞர் ஒருவரைக் கொண்டு அவரை அளப்பது முறையாகாது என்ற எதிர்வாதம் எழக்கூடும். ஆனால் சான்றுகளைப் பிரித்தானியப் படைவீரரிடமிருந்து எடுத்துக்கொண்ட அவர், முடிவை நவீன மனம் முழுமைக்கும் உரியதாக விரித்தார். விரித்த எல்லை வரையிலும் அம்முடிவைச் சோதிப்பது நியாயமே. ஜே வின்டர் 1995இல் எழுதிய நூலில், துயரத்தை ஆற்றிக்கொள்ள ஐரோப்பியர் நாடியது பழைய சமய, மரபு வடிவங்களையே என்று காட்டி ஃபஸலை மறுத்தார். அம்மறுப்பு மரபின் பக்கமிருந்து வருவது. புதுமையின் பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்புக்கு இடமுண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கீயோம் அப்பொலினேர் 1918 ஏப்ரலில் வெளியிட்ட ‘கலிகிராம்கள்’ என்ற தொகுப்பு, 1913 முதல் 1916 வரையிலான அமைதிக்கும் போருக்கும் உரிய கவிதைகள் என்று துணைத்தலைப்பிலேயே தன்னை அறிவித்துக்கொள்வது. சொற்களின் வரிசையே மழையாகவோ கோபுரமாகவோ உருக்கொள்ளும் கவிதை கலிகிராம் எனப்படும். தமிழ்ச் சித்திரக்கவியோடு இதை ஒப்பிடத் தோன்றுமாயினும் அடிப்படை வேறு: நாகபந்தத்திலும் இரதபந்தத்திலும் யாப்பமைந்த செய்யுள் முதலில் நிற்க, அதன் எழுத்துகள் படத்தின் அறைகளில் பொருந்துகின்றன, படத்தை நீக்கினாலும் செய்யுள் எஞ்சும். கலிகிராமில் படத்தை நீக்கினால் எதை அடுத்து எதைப் படிப்பது என்பதே தெரியாமல் போய்விடும்.

இவ்வடிவம் போர்முனையில் தோன்றியதன்று. மெக்சிகோவிலிருந்த தம்பியின் அஞ்சலையும் ஈஃபில் கோபுரத்திலிருந்து பரவும் வானொலி அலைகளையும் வட்டவட்டமாக அடுக்கிய ‘கடல் கடிதம்’ என்ற கவிதை ‘லே சுவாரே தெ பாரி’ இதழில் 1914 ஜூன் 15இல், சரயேவோ படுகொலைக்குப் பதின்மூன்று நாட்களுக்கு முன், வெளிவந்துவிட்டது. ‘நானும் ஓர் ஓவியனே’ என்ற பெயரில் இத்தகைய கவிதைகளின் சிறு நூல் ஒன்று மெய்ப்புப்படிகள் வரை வந்திருந்தது. போர் மூண்டதால் அது வெளிவராமலே நின்றது. ஆக, கலிகிராமின் வரலாற்றில் போர் செய்த முதல் வேலை அதைத் தடுத்து நிறுத்தியதே. 1913இல் வந்த ‘ஆல்கஹால்கள்’ தொகுப்பிலிருந்து நிறுத்தற்குறிகள் அனைத்தையும் அப்பொலினேர் அச்சுக்கட்டத்தில் நீக்கியதும், 1909இல் மரினெத்தி எதிர்காலவாத அறிக்கையை வெளியிட்டதும் இந்தப் பின்னணியில் நினைக்கத்தக்கவை.

அப்படியானால் போர் எதை மாற்றியது? இதற்கு விடைதேட உகந்த சான்று, தொகுப்பின் மூன்றாம் பகுதிக்கு அப்பொலினேர் சேர்த்த சிறு பதிப்புக்குறிப்பு. ஆய்வாளர்கள் இதைப் பெரும்பாலும் வாழ்க்கை வரலாற்றுத் துணுக்காகவே கடந்துவிடுகின்றனர். பீரங்கி வண்டியில் பொருள் வைக்கும் பெட்டியின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட அப்பகுதி, முதலில் 25 படிகளாக, கட்டமிட்ட தாளில், ஊதா மையால், ஜெலட்டின் முறையில், 38ஆம் களப் பீரங்கிப் படைப்பிரிவின் 45ஆம் அணியில், எதிரிக்கு முன்னிலையில் படியெடுக்கப்பட்டு 1915 ஜூன் 17இல் முடிந்தது என்பது அக்குறிப்பு தரும் செய்தி. ‘கடல் கடிதம்’ அச்சேறி ஓராண்டும் இரண்டு நாட்களுமே கடந்திருந்தன.

ஜெலட்டின் முறையில், சாய மையால் எழுதிய தாளைக் கூழ்ப்பலகையின் மீது அழுத்தினால் மை அதில் இறங்கும்; அதன்மேல் வெற்றுத்தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தால், படிக்குப் படி மங்கிக்கொண்டே போகும் நகல்கள் கிடைக்கும். ஊதா அழகுக்காகத் தேர்ந்த நிறமன்று. அம்முறைக்கு வழக்கமான மையின் நிறம். கட்டமிட்ட தாளும் கைக்குக் கிடைத்ததே. ஆனால் படிகளின் எண்ணிக்கை, தாளின் வகை, மையின் நிறம், முடிந்த நாள் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லும் நடை, பாரிசின் உயர்விலை நூல்களில் சேகரிப்பாளருக்காக அச்சிடப்படும் சான்றுரையின் நடை. இருபத்தைந்து என்ற எண்ணைக் கூழ்ப்பலகையின் எல்லை நிர்ணயித்ததா, அரிய பதிப்பின் மரபு நிர்ணயித்ததா என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. இரண்டும் ஒன்றுசேர்ந்தன என்று கொள்வதே பொருத்தம். இதைவிட முக்கியமானது எழுத்தின் மாற்றம். 1914இல் அச்சுக்கோப்பவரின் ஈய எழுத்துகளால் கட்டப்பட்ட கலிகிராம், 1915இல் கையெழுத்தாகிறது. 1918ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இப்பகுதியின் சில பக்கங்கள் கையெழுத்து உருவிலேயே உள்ளன. வடிவத்தைப் போர் படைக்கவில்லை. அச்சகத்திலிருந்து பறித்து ஒரு கையின் அசைவிடம் ஒப்படைத்தது.

பயனும் மாறியது. ‘கடல் கடிதம்’ தொலைவைக் கடந்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கும் மகிழ்ச்சியைக் கொண்டாடுவது. குத்துண்ட புறாவும் நீரூற்றுமாக அமைந்த போர்க்காலக் கலிகிராமிலோ புறாவின் உடல் பெண்களின் பெயர்களாலும், கீழே பாயும் நீர், போருக்குச் சென்ற ப்ராக், தெரேன் முதலிய நண்பர்களின் பெயர்களாலும் ஆனது. உடன்நிகழ்வைக் காட்டக் கண்ட வடிவம் இங்கே பிரிவைப் பட்டியலிடுகிறது. இதில் துயரம் உண்டு, நேசம் உண்டு. ஃபஸல் நவீனத்தின் அடையாளமாகக் காணும் முரண்நகையைத் தேடினால் கிடைக்காது.

ஆனால் ஃபஸலுக்குத் துணைநிற்கும் கவிதை ஒன்றும் இதே தொகுப்பில் உண்டு என்பதை மறைக்கலாகாது. ‘சிறு மோட்டார் வண்டி’ என்ற கவிதை, நண்பர் ருவேருடன் தோவிலிலிருந்து பாரிசுக்கு வந்த இரவுப் பயணத்தை ஒரு யுகத்திலிருந்து மற்றொரு யுகத்துக்குள் நுழைந்த பயணமாகவே பாடுகிறது. அதில் புறப்பட்ட நாள் ஆகஸ்ட் 31 என்று அச்சாகியுள்ளது. உண்மையில் அப்பயணம் ஜூலை 31இல் தொடங்கியது. படைதிரட்டும் அறிவிப்பு ஒட்டப்படும் வேளையில் பாரிசை அடைந்ததாகக் கவிதையே முடிவதால், ஆகஸ்ட் முதல் நாளுக்கே அது பொருந்தும். கவிதையின் தொடக்கம் முடிவோடு முரண்படுகிறது. இது கைப்பிழையா, அறிந்து செய்ததா என்பது தீரவில்லை. கவிதை எழுதப்பட்ட நாளும் உறுதிப்படவில்லை. எனினும் ஒரு மாதம் பிசகிய நாள், அது அன்றன்று எழுதிய குறிப்பன்று, பின்னோக்கி அமைத்த நினைவு என்பதை வலுவாகவே உணர்த்துகிறது. யுகமுறிவு என்ற கருத்து போரின் முதல் இரவில் கண்ட உண்மையாக இருப்பதைவிட, போருக்குள் சென்றபின் கவிஞர் கட்டிக்கொண்ட தொடக்கமாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. ஃபஸல் பின்னாளைய நினைவைத் தோற்றமாகக் கொண்டதற்கும் இதற்கும் உறவுண்டு.

இவ்வாதம் எல்லாக் கவிஞருக்கும் செல்லுமா என்பதில் தயக்கம் வேண்டும். இத்தாலியக் கவிஞர் ஜுசெப்பே உங்காரெத்தி, கார்சோ முனையில் சாதாரணப் படைவீரராக இருந்தபோது எழுதிய ‘புதையுண்ட துறைமுகம்’ 1916இல் ஊதினே நகரில் 80 படிகளாக வெளிவந்தது. இடமும் நாளும் குறிக்கப்பட்ட கவிதைகள், ஒரே சொல்லை ஓர் அடியாக நிறுத்தும் சுருக்கம். 1915இல் ‘லாசெர்பா’ இதழில் அவர் வெளியிட்டவற்றில் இந்தச் செறிவு இல்லை. ஃபஸலின் கூற்று எங்கேனும் நிலைக்குமானால் இங்கேதான் நிலைக்கும். ஆயினும் உங்காரெத்தி அக்கவிதைகளை 1919லும் 1931லும் வந்த தொகுப்புகளுக்காக மீண்டும் மீண்டும் திருத்தினார். இன்று பரவலாகப் படிக்கப்படுவது திருத்திய பாடம். அச்சுருக்கத்தில் அகழிக்கு உரியது எவ்வளவு, அமைதிக்கால எழுதுமேசைக்கு உரியது எவ்வளவு என்பதை, 1916ஆம் ஆண்டுப் பாடத்தைப் பிற்காலப் பாடங்களோடு அடிக்கு அடி வைத்துப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.