மனை வாங்கும் முன் அதன் வரலாற்றைப் படியுங்கள்



போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் போன் செய்தான். "டீச்சர், ஒரு மனை பார்த்திருக்கேன். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கொடுத்தா விலை குறையுமாம்" என்றான். "கொடுத்துடாதே, முதல்ல நான் சொல்றதைக் கேளு" என்றேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

மயிலாப்பூர்க்காரர்களான நாம் புடவை எடுக்கப் போகும் தி.நகர், நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்த நீர்நிலையின் ஒரு பகுதிக்கு மயிலாப்பூர் ஏரி என்றே பெயர். 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதன்பின் ஏரியைத் தூர்த்து, தெருக்களையும் பூங்காவையும் திட்டமிட்டு மனைகள் பிரித்தார்கள். ஏரியை இழந்தது சரியா என்பது வேறு கேள்வி. ஒவ்வொரு பெருமழையும் அதைக் கேட்கிறது. ஆனால் அங்கே மனை வாங்கியவருக்கு ஓர் அரசுத் திட்டம் துணை இருந்தது.

1996-ல் நான் வாங்கிய மனைக்கு அது இல்லை. வண்டலூருக்கு அப்பால், ஒரு கிரவுண்டு. வேனில் கூட்டிப் போனார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள், சுண்ணாம்புக் கோட்டைக் காட்டி "இதுதான் 30 அடி ரோடு" என்றார்கள். பி.எஃப். கடன் போட்டுப் பணம் கட்டினேன். வில்லங்கச் சான்று சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அது பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று சொல்லாது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற முத்திரையை நம்பினேன். அது நகரமைப்புத் துறையின் அங்கீகாரம் ஆகாது என்று தெரியவில்லை.

20 வருடம் கழித்து மகள் கல்யாணத்துக்காக விற்கப் போனேன். 9.9.2016 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். என் வளையல்கள் அடகுக்குப் போயின. 2017-ல் அரசு வரன்முறை விதிகள் கொண்டுவந்தது. கட்டணம் கட்டி, அலைந்து, ஆணை கைக்கு வர மேலும் 2 வருடம். பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக் கொடுத்தவள், தன் மனையின் வரலாற்றைப் படிக்கவில்லை!

அவனிடம் நான்கு விஷயம் பார்க்கச் சொன்னேன்:

1. மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா?
2. பட்டா யார் பெயரில்? நிலம் நீர்நிலையா, புறம்போக்கா?
3. சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகார எண் உண்டா? அந்த வரைபடத்தில் உன் மனை எண் இருக்கிறதா?
4. புதிய மனைப்பிரிவு என்றால், 2016-ம் ஆண்டு ரெரா சட்டப்படி பதிவாகியிருக்கிறதா?

வில்லங்கத்தை இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். மீதியை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அந்தக் கட்டணம் வீண் செலவு அல்ல.

ஞாயிற்றுக்கிழமை அவன் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அங்கீகார எண் கேட்டானாம். "அப்புறம் அனுப்புறோம்" என்றார்களாம். இன்னும் வரவில்லை.

அவசரப்படுத்துகிறவரிடம் மனை வாங்காதீர்கள், கண்ணுகளா.

அன்புடன்,
உங்கள் டீச்சர், மயிலாப்பூர்